நெகிரி செம்பிலானில் நிகழ்ந்த இரு நோயாய்வுகள்: அறிவியலும் சமூகவியலும் சந்திக்கும் களம்

முன்னுரை

பல்கலைக்கழகங்களில் ஆய்வைப் புலம் புலமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அறிவியற்புல மாணவர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்கிறார். சமூகவியற்புல மாணவர் வினாநிரலோடு தோட்டத்திற்குச் செல்கிறார். தமிழியல் மாணவர் நூலகத்திற்குச் செல்கிறார். மூவரும் ஒரே தோட்டத்து மக்களைப் பற்றி எழுதினாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது அரிதாகவே உள்ளது. நிருவாக வசதிக்காக ஏற்பட்ட இப்பிரிவினையை நாளடைவில் அறிவின் இயல்பான பிரிவினையாகவே கருதத் தொடங்கிவிட்டோம்.

மலேசியத் தமிழரைப் பற்றிய ஆய்வுக்கு வலுவான மரபு ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தோன்றியது. அதன் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. கெர்னியல் சிங் சந்துவின் குடியேற்ற ஆய்வு 1969ஆம் ஆண்டிலும், சி. அரசரத்தினத்தின் வரலாற்று நூல் 1970ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அதன் விளைவுகளை உங்கு அப்துல் அசீஸ் தலைமையில் பொருளியல் துறையினர் ஆராய்ந்தனர். இவை யாவும் சமூகவியல் சார்ந்தவை. தோட்டத்தைக் களமாகக் கொண்ட அறிவியல் ஆய்வுகளோ மருத்துவ இதழ்களிலேயே தங்கிவிட்டன. தமிழாசிரியர் கைக்கு அவை வந்து சேரவில்லை.

நெகிரி செம்பிலான் மண்ணில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நோயாய்வுகளை இங்கு எடுத்துக்கொள்கிறோம். இரண்டிலும் ஆய்வுக்கூடம் விடை கூறுவதற்கு முன்னர், யார் எதை உண்கிறார், யார் எங்கே வேலை செய்கிறார் என்ற வினாவே வழியைத் திறந்தது என்பதை விளக்குவதும், அதிலிருந்து நம் மாணவர் பெறத்தக்க பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய்த் தீபகற்பத்தை அலைக்கழித்த நோய்களுள் பெரிபெரி முதன்மையானது. கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருந்தொகையினர் இந்நோயால் மாண்டனர். நோய்க்குக் காரணம் நுண்ணுயிரி என்றும், ஈர நிலத்தின் தீமை என்றும், இருப்பிட நெருக்கடி என்றும் மருத்துவர் பலவாறு கருதினர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவராகப் பணியாற்றியவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். நோய் எல்லா இனத்தாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். ஒரே மாநிலத்தில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்தும் சீனரிடையே நோய் மிகுதி. தமிழரிடையே மிகமிக அரிது. கம்பத்து மலாய்க்காரரிடையேயும் அரிது. மூவருக்கும் சோறே முதன்மை உணவு. ஆயினும் மூவர் உண்ட அரிசியும் ஒன்றன்று. சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டப்பெற்றுச் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டு உரலில் குற்றி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு பிராடன் எழுதிய நூல் 1907ஆம் ஆண்டு வெளிவந்தது.

பிராடன் கூறிய காரணம் பிழையானது. நாட்பட்ட பச்சரிசியில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். எனினும் அவர் சுட்டிய இடம் சரியானது. அரிசியைப் பார் என்று அவர் சொன்னதால்தான் பின்வந்தோர் அரிசியைப் பார்த்தனர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்துச் சோதித்தார். பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி பரவிச் சிலர் மாண்டனர்.

துரியான் திப்புஸ் சோதனை

ஐயத்தை நீக்கிய சோதனை நெகிரி செம்பிலானிலேயே நடைபெற்றது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி பிரேசர், அம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டன் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டு மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள துரியான் திப்புஸ் காட்டைத் தேர்ந்தெடுத்தனர். அங்குச் சாலை அமைக்க வந்திருந்த 300 சாவகத் தொழிலாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வெள்ளைப் பச்சரிசி. மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது, மற்றவரிடையே தோன்றவில்லை. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறித் தோன்றியது. இடமும் தொற்றும் காரணமல்ல என்பது இதனால் உறுதியாயிற்று. அரிசியைத் தீட்டும்போது நீங்கும் மேலுறையில்தான் உடலுக்கு இன்றியமையாத பொருள் இருக்கிறது என்ற முடிவுக்குப் பின்னர் அவ்விருவரும் வந்தனர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு வெள்ளையரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது.

பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளை வைத்து இதே வினாவை முன்பே ஆராய்ந்திருந்தார். அதற்காக 1929ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். காசிமிர் பங்க் 1912ஆம் ஆண்டு இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அரிசியின் மேலுறையில் இருந்த பொருள் தயமின் என்னும் பி1 வைட்டமின் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

புழுங்கல் அரிசி காத்த விதம் எளிது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் மேலுறையிலிருந்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்குகிறது. அவிந்த மாவுப்பொருள் இறுகி அதனைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. பின்னர் உமியும் தவிடும் நீங்கினாலும், அரிசியைக் களைந்தாலும், இழப்பு குறைவு.

மிகையுரை தவிர்த்தல்

இந்நிகழ்ச்சியைக் கூறும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. வைட்டமினைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்று சிலர் எழுதக்கூடும். அது பொருந்தாது. நெல்லைப் புழுக்கும் வழக்கம் பதப்படுத்தல், சுவை, குற்றும்போது அரிசி உடையாமை முதலிய காரணங்களால் நிலைபெற்ற வழக்கம். தோட்டத் தொழிலாளர் தாம் உண்ட அரிசியைத் தாமே புழுக்கவுமில்லை. கடல் கடந்து வந்த அரிசியையே பங்கீடாகப் பெற்றனர். வழக்கம் ஒன்று பயன் தருவது வேறு. அப்பயனின் காரணத்தை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்துவது தமிழாசிரியர் கடமையாகும். மேலும், பெரிபெரி அணுகாத அதே தமிழ்த் தொழிலாளரை மலேரியாவும் கொக்கிப்புழுவும் கூட்டங்கூட்டமாக வாட்டின என்பதையும் மறைக்கலாகாது.

இரண்டாவது, துரியான் திப்புஸ் காட்டில் இருந்த 300 பேரின் நிலை. நோய் வரலாம் என்று எதிர்பார்த்தே அவருள் ஒரு பிரிவினருக்கு அவ்வரிசி வழங்கப்பட்டது. இன்று எந்தப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவும் அத்தகைய சோதனைக்கு ஒப்புதல் அளிக்காது. ஆய்வறிக்கையில் ஆய்வாளர் பெயர் உண்டு. உண்டவர் பெயர் இல்லை. மாபெரும் நன்மை விளைந்த ஆய்வு இது என்பதாலேயே இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

புக்கிட் பெலாண்டோக், 1998-1999

இரண்டாவது நிகழ்ச்சி நம் காலத்தது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் மூளைக்காய்ச்சல் ஒன்று பரவியது. பன்றிகளை இடம் மாற்றியதன் வாயிலாக அது நெகிரி செம்பிலானின் சிக்காமாட், சுங்கை நீப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய பகுதிகளுக்கு வந்தது. கொசு பரப்பும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது முதலில் கருதப்பட்டது. புகையடித்துக் கொசு ஒழித்தனர், தடுப்பூசி போட்டனர். இறப்பு நிற்கவில்லை.

இங்கும் ஐயத்தை எழுப்பியது, நோயுற்றோர் யாவர் என்ற வினாவே. சப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இந்நோயோ வயது வந்த ஆண்களைத் தாக்கியது. கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர். அருகிலேயே வாழ்ந்தும் பண்ணையோடு தொடர்பற்ற மலாய்க்காரரிடையே நோய் அரிதாக இருந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தைச் சார்ந்த சுவா கா பிங், 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நீப்பா என்னும் கம்பத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவால்களே நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. பன்றிக் கொட்டிலை ஒட்டிப் பழமரங்களை வளர்த்த பண்ணை அமைப்பே வௌவாலையும் பன்றியையும் அருகருகே கொண்டுவந்தது.

பிராடன் சோற்றுத் தட்டைப் பார்த்தார். புக்கிட் பெலாண்டோக்கில் ஆய்வாளர் வேலைத்தலத்தைப் பார்த்தனர். இனத்தைப் பெயராக மட்டும் குறித்துக்கொண்டு நின்றிருந்தால் இரு புதிர்களும் அவிழ்ந்திரா. இனம் என்று தோன்றியது உண்மையில் உணவும் தொழிலும் ஆகும்.

நம் மாணவரும் தோட்டக் களமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரந்தாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றிற்கு மாணவரோடு களப்பணிக்குச் சென்றிருந்தோம். வினாநிரலை நாமே தயாரித்திருந்தோம். முதன்மை உணவு என்ற வினாவுக்கு எதிரே சோறு, ரொட்டி, பிற என மூன்று கட்டங்கள் இருந்தன. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரிடம் மாணவி அவ்வினாவைப் படித்தார். "சோறுன்னா எந்தச் சோறும்மா? புழுங்கரிசியா, பச்சரிசியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மாணவி எம்மைப் பார்த்தார். எங்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பிராடன் 1907இல் கேட்ட வினாவை, அதே மாநிலத்தில், தமிழரே தயாரித்த வினாநிரல் கேட்க மறந்திருந்தது. அப்பிழை மாணவருடையதன்று, எம்முடையது.

சொல்லறிவு ஆய்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மற்றொரு சான்று கூறலாம். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை மருந்து அடித்தல் என்பர். நோய் தீர்ப்பதற்கும் மருந்து, பாராகுவாட்டிற்கும் மருந்து. நஞ்சைக் கையாண்டீர்களா என்று வேதியியல் மாணவர் கேட்டால், பல்லாண்டு தெளிப்பானைச் சுமந்த பெண்மணியும் இல்லை என்றே கூறக்கூடும். மருந்தடிக்கப் போனீர்களா என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். தெளிப்பு வேலையில் ஈடுபட்ட தோட்டப் பெண்களின் உடல்நிலையைப் பற்றித் தெனாகானித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டு ஆய்வு வெளியிட்டது. பாராகுவாட்டிற்கு மலேசியாவில் முழுத் தடை 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைச் சுமந்தவரின் அனுபவம் பெரும்பாலும் அவர் நினைவில்தான் உள்ளது.

அந்நினைவுக்குக் காலம் குறைவு. நெகிரி செம்பிலானில் ரப்பர் நிலங்கள் செம்பனையாயின. செம்பனை நிலங்களுள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் பிறந்தவரின் பிள்ளைகள் சிரம்பான், செனவாங், நீலாய் நகர்ப்புறங்களில் வாழ்கின்றனர். பெரட்டு, ஆயாக்கொட்டகை, மங்கு, ஒட்டுப்பால் ஆகிய சொற்களைப் பொருளறிந்து வழங்குவோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, தமிழியல் மாணவர் தோட்ட வழக்குச் சொற்களைத் தொகுக்கும்போது உணவு, நோய், மருந்து, வேலை ஆகிய நான்கு துறைச் சொற்களுக்கு முதலிடம் தரவேண்டும். சொல்லோடு செய்முறையையும் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஆய்வேடுகளுக்கு அறிவியற்புலத்திலிருந்து ஒருவரும் மொழிப்புலத்திலிருந்து ஒருவரும் இணைந்து வழிகாட்ட வேண்டும்; வினாநிரலை இருவரும் சேர்ந்து படித்த பின்னரே களத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது, ஆய்வு முடிவை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, தகவல் தந்தவரிடமே சென்று படித்துக் காட்ட வேண்டும். தவறாகக் குறித்திருந்தால் அவரே திருத்துவார்.

முடிவுரை

உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற இரு கண்டுபிடிப்புகளுக்கு நெகிரி செம்பிலான் களமாக அமைந்தது. முதலாவதில் தமிழர் உண்ட சோறு சான்றாயிற்று. எனினும் அச்சோற்றைப் பற்றித் தமிழர் கூறிய சொல் எதுவும் ஏட்டில் இடம்பெறவில்லை. அன்று கேட்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது. இன்று தமிழ் அறிந்த மாணவர் நம்மிடம் உள்ளனர். விடை கூறும் மூத்தோரும் இன்னும் சிலர் உள்ளனர். எம் வினாநிரலில் இப்பொழுது சோற்றுக்கு நான்கு கட்டங்கள் உள்ளன. அடுத்த களப்பணியில் மற்றொரு மூதாட்டி ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கச் சொல்வார் என்றே எதிர்பார்க்கிறோம்.