உங்களுக்குத் தெரியுமா? முழங்காலுக்குள் ஒரு பொத்தான்!
முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்தால், பெரும்பாலும் நோயாளியின் தொடையிலிருந்தே தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டு, உள்ளே கோத்துப் பொருத்துகிறார்கள். அதை விடாமல் பிடித்துக்கொள்வது, தொடை எலும்பின் வெளிப்புறத்தில் சட்டைப் பொத்தான் போலக் குறுக்கே படுத்துக்கொள்ளும் சிறு டைட்டானியம் தகடு. கீழ்க்கால் எலும்பில் பெரும்பாலும் ஒரு திருகு.

அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் புதிய ஜவ்வைவிட அதை எலும்பில் பொருத்தும் பிடிமானமே பலவீனமானது என்று 1987-இல் குரோசகா என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதித்துக் காட்டினர். அவர்கள் சோதித்தவற்றில் 9 மி.மீ. விட்டமுள்ள திருகே நன்றாகத் தாங்கியது. தசைநாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்க ஏறக்குறைய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். வலி போய்விட்டதே என்று எண்ணி, மருத்துவர் சொல்லுமுன் ஓடத் தொடங்காதீர்கள்!

கரையும் திருகுகளும் உண்டு. முழுதாகக் கரைய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். டைட்டானியத்தைத் தொந்தரவு இல்லாதவரை எடுக்கவே வேண்டியதில்லை.