தெர்மாகோல் சுவர்

மீன் விற்பவர் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தெர்மாகோல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஐஸ் சீக்கிரம் உருகாது. அந்தத் தெர்மாகோலை வைத்துச் சுவர் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட் பிளிஸ் என்ற இராணுவ முகாமில் வீரர்கள் தங்கும் கட்டடங்களையே இப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

எப்படி? காங்கிரீட் சுவருக்கு மேஸ்திரி இரண்டு பக்கமும் பலகை அடிப்பார். நடுவில் கம்பி கட்டிக் காங்கிரீட் கொட்டுவார். இறுகியதும் பலகையைப் பிரிப்பார். இங்கே பலகைக்குப் பதில் தெர்மாகோல். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம். நடுவில் ஆறு அங்குலக் காங்கிரீட். தெர்மாகோலைப் பிரிப்பதில்லை. சுவரோடு இருந்துவிடும். பலகை மரம் மிச்சம். வீட்டுக்குள் வெப்பமும் குறைவு.

இது ஷாதிபூரில் இருப்பவர்களுக்கு எதற்கு? நம் ஊர் இருக்கும் போர்ட் பிளேயரில் 2001-இல் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் அமைந்தது. (2024 முதல் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) படைவீரர் குடும்பங்கள் பல இந்தத் தீவுகளில் வாழ்கின்றன. இங்கே மின்சாரம் பெரும்பாலும் டீசலில் வருகிறது. டீசல் கப்பலில் வருகிறது. வீடு குளிர்ச்சியாக இருந்தால் அந்தச் செலவு குறையும்.

இன்னொன்று, நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26-ஐ யார் மறப்பார்? கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். சுனாமிக்கு எந்தச் சுவரும் பதில் ஆகாது. மேட்டில் கட்டுவதுதான் வழி. ஆனால் நிலம் ஆடும்போது, கம்பி வைத்த முழுக் காங்கிரீட் சுவர் வெறும் செங்கல் சுவரைவிட நன்றாகத் தாங்கும்.

குறை இல்லையா? உண்டு. தெர்மாகோல் தீப்பிடிக்கும். அதனால் உட்புறம் பூச்சோ பலகையோ கட்டாயம். கறையான் அதைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கூரை வரை ஏறிவிடும். நம் ஊர்க் கறையானைச் சொல்லவே வேண்டாம்! அதனால் தரையை ஒட்டி அரை அடி உயரத்துக்குத் தெர்மாகோல் வைக்காமல் விட வேண்டும். கறையான் ஏறினால் அங்கே தெரிந்துவிடும்.

கடற்கரை மணலும் கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியை அரித்துவிடும். தெர்மாகோல் மூடியிருந்தாலும் அரிக்கும்.

காங்கிரீட்டை ஒரே மூச்சில் கொட்டவும் கூடாது. தெர்மாகோல் பிளந்துவிடும். மூன்று, நான்கு அடியாகக் கொட்டி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குத்திவிட வேண்டும். பலகையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ஓட்டை தெரியும். இங்கே பிரிப்பதே இல்லை. அதனால் கொட்டும் நேரத்தில், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.