கயிறு இழுத்தல்

கயிறு இழுத்தல் (வடமிழுத்தல், கயிறு இழுக்கும் போட்டி) என்பது இரு அணிகள் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பற்றி எதிரெதிர்த் திசைகளில் இழுத்துப் பலத்தைச் சோதிக்கும் விளையாட்டு ஆகும். எதிரணியைக் குறிப்பிட்ட தொலைவு தம் பக்கம் இழுத்துவிடும் அணி வெற்றி பெறும். பொங்கல் விழாக்களிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் பொழுதுபோக்காக நடத்தப்படும் இது, எடைப்பிரிவுகளும் நடுவர்களும் உலகக் கோப்பைகளும் கொண்ட முறையான விளையாட்டும் கூட. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்தது. கைவலிமையே இதில் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்று பலரும் கருதினாலும், பெரும்பாலான ஆட்டங்கள் கால்களாலும் தரையாலுமே முடிவாகின்றன.

பெயர்

கோயில் தேரை இழுக்கும் பெருங்கயிற்றுக்கு வடம் என்று பெயர். வடமிழுத்தல் என்ற வழக்கில் இச்சொல்லே பயில்கிறது. கேரளத்தில் ஓணத்தின்போது நடக்கும் இவ்விளையாட்டை வடம்வலி என்பர். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளிலும் கயிறு இழுத்தல் இடம்பெறுகிறது.

வரலாறு

இவ்விளையாட்டு எங்கு முதலில் தோன்றியது என்று ஒரே இடத்தைச் சுட்ட முடியாது. கயிறு திரிக்கத் தெரிந்த பல சமூகங்களில் இது தனித்தனியே வழங்கியுள்ளது. சீனாவில் தாங் அரச மரபின் காலத்தில் நூற்றுக்கணக்கானோர் பங்கேற்ற பெரும் போட்டிகள் நடந்தன. முதன்மைக் கயிற்றின் இரு பக்கமும் சிறு கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்து மக்கள் இழுத்தனர்.

கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது உழவோடு இணைந்த சடங்காகவும் இருந்து வருகிறது. தென்கொரியாவின் தாங்சின் நகரை அடுத்த கிசிசி என்னும் ஊரில், வைக்கோலால் திரித்த இரு பெரும் வடங்களை ஒரு மரக்கட்டையால் இணைத்து இழுப்பர். இணைத்த வடத்தின் நீளம் ஏறத்தாழ 200 மீட்டர், எடை ஏறத்தாழ 40 டன். ஒரு பக்கத்தார் வென்றால் நாட்டில் அமைதி நிலவும், மறுபக்கத்தார் வென்றால் விளைச்சல் பெருகும் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆகவே அங்கு யார் வென்றாலும் ஊருக்கு நன்மையே. கம்போடியா, பிலிப்பீன்சு, தென்கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் கயிறு இழுக்கும் சடங்குகளையும் விளையாட்டுகளையும் யுனெசுக்கோ 2015-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒலிம்பிக்கில்

1900 பாரிசு ஒலிம்பிக்கில் தடகளப் பிரிவின் ஒரு பகுதியாகக் கயிறு இழுத்தல் சேர்க்கப்பட்டது. சுவீடன், டென்மார்க் வீரர்கள் இணைந்த அணி பிரான்சை வென்றது. 1904-இல் செயின்ட் லூயிசில் பதக்கங்கள் அனைத்தும் அமெரிக்கக் கழகங்களுக்கே கிடைத்தன.

1908 இலண்டன் ஒலிம்பிக்கில் மூன்று பதக்கங்களையும் பிரித்தானியக் காவல்துறை அணிகள் பெற்றன. இலண்டன் மாநகரக் காவலர் அணி தங்கமும் லிவர்பூல் காவலர் அணி வெள்ளியும் வென்றன. லிவர்பூல் அணியின் கனத்த காலணிகள் விதிக்குப் புறம்பானவை என்று அமெரிக்க அணி முறையிட்டது. அவை காவலர்கள் அன்றாடம் அணிபவையே என்று விளக்கம் தரப்பட்டு, முறையீடு தள்ளுபடியானது. அமெரிக்கர்கள் போட்டியிலிருந்து விலகினர். காலணி என்பது இவ்விளையாட்டில் சிறு விவரம் அல்ல என்பதை இச்சர்ச்சை காட்டுகிறது.

1912-இல் சுவீடனும் பிரித்தானியாவும் மட்டுமே மோதின; சுவீடன் வென்றது. 1920 ஆன்ட்வெர்ப்பில் பிரித்தானியா தங்கம் வென்றது. அதன்பின் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

விதிமுறைகள்

பன்னாட்டுக் கயிறு இழுத்தல் கூட்டமைப்பு 1960-இல் தொடங்கப்பட்டது. முதல் உலகக் கோப்பைப் போட்டிகள் 1975-இல் நெதர்லாந்தில் நடந்தன. 1981 முதல் உலக விளையாட்டுகளிலும் இது இடம்பெறுகிறது.

அணிக்கு எட்டுப் பேர் இழுப்பர். தனிநபர் எடை அன்றி எட்டுப் பேரின் மொத்த எடையே கணக்கில் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, ஆண்களுக்கு 640 கிலோ, பெண்களுக்கு 540 கிலோ ஆகிய பிரிவுகள் உள்ளன. கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ. வரை இருக்கும். அதில் முடிச்சோ கண்ணியோ கூடாது. கயிற்றின் நடுவில் ஓர் அடையாளமும், அதிலிருந்து இரு பக்கமும் 4 மீட்டரில் வேறு அடையாளங்களும் இடப்படும். எதிரணியை 4 மீட்டர் இழுத்தால் ஓர் இழுப்பு வெற்றி. மூன்றில் இரண்டு இழுப்புகளை வெல்லும் அணி ஆட்டத்தை வெல்லும்.

கயிற்றை எடுத்தல், இறுக்கிப் பிடித்தல், அசையாது நிற்றல், இழுத்தல் என்ற வரிசையில் நடுவர் கட்டளையிடுவார். வேண்டுமென்றே தரையில் உட்காருதல், கயிற்றில் கைமாற்றி ஏறுதல், கயிறு நகராதபடி உடலில் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை தவறுகள். கடைசியில் நிற்கும் நங்கூர வீரர் மட்டும் கயிற்றை அக்குளின் கீழ் விட்டு, முதுகின் குறுக்காக எதிர்த்தோள் மேல் கொண்டுவரலாம். காலணி அடியில் ஆணிகள் கூடாது.

இயற்பியல்

கயிறு தன் எடையைப் பொறுத்தவரை இலேசானது என்று கொண்டால், அதன் இரு முனைகளிலும் இழுவிசை ஏறத்தாழ ஒன்றே. அதாவது, வெல்லும் அணி கயிற்றைக் கூடுதல் விசையோடு இழுப்பதில்லை. தரையைக் கூடுதல் விசையோடு உதைக்கிறது. தரை பாதங்களுக்குத் திருப்பித் தரும் விசை கயிற்றின் இழுவிசையைவிட மிகும்போது அணி பின்னோக்கி நகர்கிறது.

உராய்வு உடல் எடையைப் பொறுத்தது. எடைப்பிரிவுகள் தேவைப்படுவது இதனால்தான். புல்தரையில் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பிடிமானம் பெறலாம். உள்ளரங்கில் இரப்பர் விரிப்பின் மீது அது இயலாது. காலணியின் அடிப்பாகமே பிடிமானம் தர வேண்டும். வீரர்கள் பின்னோக்கி நன்கு சாய்வதால், முன்னோக்கிக் கவிழ்க்க முயலும் கயிற்று விசையை உடல் எடை ஈடுசெய்கிறது. எட்டுப் பேரும் ஒரே கணத்தில் அடியெடுத்து வைப்பதும் முக்கியம். ஒருவர் தடுமாறினால் அவர் பங்கு விசை முழுவதும் மற்ற எழுவர் மேல் விழும்.

பாதுகாப்பு

முறையான போட்டிகளில் எட்டுப் பேருக்கு ஏற்ற கயிறே பயன்படுகிறது. ஆபத்து நேர்வது பெரும்பாலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே கயிற்றை இழுக்கும் விழாக்களில்தான். 1997 அக்டோபர் 25 அன்று தைப்பேயில் சுமார் 1,600 பேர் இழுத்தபோது கயிறு அறுந்து, இருவரின் இடது கைகள் துண்டாயின. அறுவைச் சிகிச்சையில் அவை மீண்டும் பொருத்தப்பட்டன. 1978-இல் அமெரிக்காவின் ஆரிசுபர்க்கில் பள்ளி மாணவர்கள் சாதனைக்காக இழுத்த நைலான் கயிறு அறுந்து பலர் காயமுற்றனர்.

நைலான் இழுபடும்போது இரப்பர் போல நீண்டு ஆற்றலைச் சேமிக்கிறது. அறுந்த கணத்தில் அந்த ஆற்றல் முழுவதும் சாட்டையடி போல வெளிப்படும். விரலிலோ மணிக்கட்டிலோ கயிற்றைச் சுற்றியிருப்பவரால் கையை விடுவிக்க முடியாது. எனவே பள்ளிகளிலும் ஊர் விழாக்களிலும் போட்டி நடத்துவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

• அதிகம் நீளாத தடித்த சணல் அல்லது மணிலாக் கயிற்றைப் பயன்படுத்துதல். நைலான் கயிற்றைத் தவிர்த்தல்
• ஆட்டத்துக்கு முன் கயிற்றில் நைந்த இடம் உள்ளதா எனப் பார்த்தல்
• கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றவும் கட்டவும் விடாதிருத்தல்
• பார்வையாளர்கள் இடையில் புகுந்து இழுப்பதைத் தடுத்தல்
• வென்றதும் கயிற்றைத் திடீரென விட்டுவிடாதிருத்தல்

இவற்றில் கடைசி இரண்டும் நம் ஊர் விழாக்களில் அதிகம் மீறப்படுபவை. ஆட்டம் சூடுபிடிக்கும்போது கூட்டம் கயிற்றைப் பிடிக்கிறது. கயிறு தாங்க வேண்டிய பாரம் கணக்கின்றிப் பெருகுகிறது.