உங்களுக்குத் தெரியுமா? ‘புத்தி சரியில்லைங்க’ என்றால் விட்டுவிடுவார்களா?

கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் ஒருவர் மனைவியைக் கொன்றதாக வழக்கு வந்தால், விசாரணை மலையிறங்கி நாமக்கல் நீதிமன்றத்துக்குப் போகும். “அவருக்குப் புத்தி சரியில்லைங்க” என்று உறவினர் சொல்வது மட்டும் அங்கே எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 84) பார்ப்பது, சம்பவம் நடந்த அந்த நேரத்து மனநிலையை. செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாதபடி மனநோய் அவரை ஆக்கியிருந்ததா? முன்கோபமோ, தானாகக் குடித்த போதையோ கணக்கில் வராது.

1994இல் மகாராஷ்டிரப் போலீஸ்காரர் ஒருவர், துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியின் தலையில் அரைக்கும் கல்லால் அடித்துக் கொன்றார். ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. அவருக்கு மனச்சிதைவு நோய். முன்பே சிகிச்சை பெற்றவர். கைதான பிறகு அதே ஆண்டு ஜூன் முதல் டிசம்பர் வரை 25 முறை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இந்தச் சிகிச்சைப் பதிவேடுகள்தான் கைகொடுத்தன: ஆயுள் தண்டனையை ரத்து செய்து 2002இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 1959இல் குஜராத்தில் கணவரால் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் உடலில் 44 காயங்கள். கணவரின் மனநோய் வாதம் 1964இல் தள்ளுபடியானது. கொடூரம் மட்டுமே மனநோய்க்குச் சாட்சியாகாது என்பது, என் பார்வையில், நியாயமே.

மனநோய் காரணமாக விடுதலையானவரும் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான காவலில் வைக்கவோ, தக்க உத்தரவாதம் பெற்று உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும்.