கண்ணாடிப் புள்ளி கல்லாவது ஏன்?

மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித் தாளை வெள்ளைக் காகிதத்தின் மீது வையுங்கள். அதன் மேல் இன்னொன்றை வையுங்கள். இரண்டும் சேருமிடத்தில் சிவப்பு ஆழ்ந்து தெரிகிறது அல்லவா? வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் என்ற மென்பொருளும் இதே வித்தையைச் செய்கிறது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர் உருவாக்கி, 2003இல் வெளியிட்டது இது. இதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

ஒரு புள்ளி அடியில் உள்ளதை எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 0 என்றால் புள்ளியே தெரியாது. 1 என்றால் அடியில் எதுவும் தெரியாது. 0.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் புள்ளி பின்னணியில் பாதியை மறைக்கும். அதன் மேல் விழும் இரண்டாவது, மிஞ்சியதில் பாதியை மறைக்கும். ஆக மறைந்தது 0.75. (1 என்று விடை சொன்னவர்கள் மறுபடி கணக்கிடுங்கள்!) பத்தாயிரம் புள்ளிகள் உள்ள படத்தில் நெரிசல் எங்கே என்று இந்த அடர்நிறம்தான் காட்டும்.

அந்தப் படத்தை இபிஎஸ் கோப்பாகச் சேமித்தால் வந்தது வினை. அக்கோப்பின் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வந்தது; அதில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. திரையில் கண்ணாடியாக இருந்த புள்ளிகள் காகிதத்தில் கல்லாகிவிடும். நூறு புள்ளிகள் குவிந்த இடமும் ஒரே புள்ளி உள்ள இடமும் ஒன்றுபோல் தெரியும். ஆய்வாளர் ஏமாறுவார்.

மொழியை மாற்ற முடியாதே! எனவே, ‘ஒளி புகாமல்தான் வரையப்படும்’ என்று மென்பொருள் இப்போது எச்சரிக்கிறது. பிடிஎஃப் கோப்பில் இத்தொல்லை இல்லை. 2001இல் வந்த அதன் 1.4 பதிப்பிலேயே ஆல்ஃபா உண்டு. இபிஎஸ்தான் வேண்டுமென்றால், புள்ளிகளை மட்டும் முன்கூட்டியே நிறம் கலந்து, சிறு கட்டங்களாலான படமாக்கிப் பதிக்கலாம். பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும்.