கட்டளை வரியும் சங்கத்தின் இரண்டாவது பெயர்ப் பலகையும்

நமது சங்கங்களின் விற்பனை நிலையங்கள் ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு பெயர்ப் பலகை உண்டு. சங்கத்தின் பெயர், பதிவு எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். வர்ணம் மங்கினால் நிர்வாகக் குழுவினர் தீர்மானம் நிறைவேற்றி, செலவை அனுமதித்து, புதிதாக எழுதச் செய்வர். இக்காலத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டாவது பலகை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. அதைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியேனும் காண்பது அரிது. கைப்பேசியில் ‘கைத்தறிச் சேலை’ என்றோ ‘மஞ்சள் கொள்முதல்’ என்றோ தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தப் பலகைதான். 2014-ஆம் ஆண்டில் ‘கூகுள் மை பிசினஸ்’ என்ற பெயரில் தோன்றி, 2021 முதல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என வழங்கிவரும் வணிக விவரக் குறிப்பையே சொல்லுகிறோம். இதனை இக்கட்டுரையில் ‘குறிப்பு’ என்றே அழைப்போம்.

பன்னிரண்டு கிளைகள் கொண்ட ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஒரு தீபாவளிப் பருவத்தில் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். இரண்டு கிளைகளில் மட்டும் விற்பனை வெகுவாகக் குறைந்திருந்தது. சரக்கு நல்ல சரக்கு. தள்ளுபடியும் மற்றக் கிளைகளில் உள்ளதே. குமாஸ்தாவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கடைக்குள் நின்றபடியே நமது கைப்பேசியில் அக்கிளையைத் தேடிப் பார்த்தோம். ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது! விளக்குகள் எரிகின்றன, மேஜையில் சேலைகள் விரிந்து கிடக்கின்றன, குமாஸ்தா எதிரே நிற்கிறார். ஊராருக்கோ அக்கடை மூடிய கடை.

இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை. குறிப்பில் உள்ள விவரம் தவறென்று எவரும் திருத்தம் கூறலாம். கூகுள் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டுவிடவும் கூடும். அவ்வாறு மாறும்போது குறிப்பின் உரிமையாளருக்கு மின்னஞ்சல் வரும். அந்தச் சங்கத்தில் குறிப்புகளைத் தொடங்கியவர் ஒரு தற்காலிக ஊழியர். அவர் தம் சொந்த மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, வேறு வேலை கிடைத்து ஊரை விட்டுப் போய்விட்டார். எச்சரிக்கைக் கடிதங்கள் அனைத்தும் அவருடைய பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தன. பருவம் முடிந்தபின் அவ்விரு கிளைகளிலும் தேங்கிய சேலைகளின் மதிப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குச் சங்கத்தின் பணம் முடங்கியது. அடுத்த மாதம் நெசவாளர்களுக்குப் பாவு கொடுப்பது தாமதமாயிற்று. கைப்பேசியில் தோன்றிய ஒரு சிவப்பு வரியின் சுமையைத் தறிக்குழியில் அமர்ந்திருந்தவர்கள் சுமந்தார்கள்.

இரண்டு மூன்று கிளைகள் மட்டும் உள்ள சங்கத்துக்குக் காரியதரிசியின் கைப்பேசியே போதும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்துச் சரிசெய்யலாம். கருவி ஏதும் வேண்டியதில்லை. வேண்டும் என்று விற்க வருகிறவர்களை நம்ப வேண்டாம். கிளைகள் பத்தும் அதற்கு மேலும் ஆகும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகத் திரையைத் திறந்து, நேரத்தை மாற்றி, சேமித்து, அடுத்ததற்குப் போவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். ஏழாவது கிளையில் கை சலித்துத் தவறும் நேரும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கிளைகளின் விவரங்களை ஒரே அட்டவணைக் கோப்பாகத் தயாரித்து ஏற்றுவது ஒன்று. கட்டளை வரிக் கருவியால் நேரே கூகுளின் கணினியோடு பேசுவது மற்றொன்று.

கட்டளை வரி என்பது படங்களும் பொத்தான்களும் இல்லாத வெறுந்திரை. அதில் எழுத்தால் ஒரு வரியைத் தட்டினால் கணினி அதன்படி செய்யும். ‘கர்ல்’ போன்ற இலவசக் கருவியோ, கணினி கற்ற இளைஞர் ஒருவர் எழுதித் தரும் சிறு நிரலோ போதுமானது. கிளைகளின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்திருக்க வேண்டும். கிளைக் குறியீடு, விலாசம், தொலைபேசி, நேரம் என்று வரிசையாக அதில் இருக்கும். நிரல் அப்பட்டியலை வாசித்து ஒவ்வொரு கிளைக்கும் உரிய திருத்தத்தை அனுப்பும். பன்னிரண்டு கிளைகளின் தீபாவளி நேரமும் ஒரே வரியில் மாறிவிடும்.

இவ்வழியைப் பயன்படுத்த முதலில் கூகுளுக்கு விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். அனுமதிக்குப் பின் நிமிடத்துக்கு 300 வினவல்கள் வரை அனுப்பலாம். ஆனால் ஒரே குறிப்பில் நிமிடத்துக்குப் 10 திருத்தங்களுக்கு மேல் செய்ய இயலாது. நமது சங்கங்களுக்கு இது தாராளம். கருவியினிடம் கடவுச் சொல்லைக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. அது சுமார் ஒரு மணி நேரமே செல்லும். பிறகு நிரல் தானே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாதபோது கணக்கின் உரிமையாளர் அச்சீட்டை ரத்து செய்துவிடலாம்.

நெசவாளர்களுக்கு ஜக்கார்டு அட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அட்டையில் ஒரு துளை தவறினால் சேலை நெடுகப் பூ தவறும். கைத்தவறு ஓரிடத்தில் நிற்கும், அட்டைத் தவறு திரும்பத் திரும்ப வரும். கட்டளை வரியும் அத்தன்மையதே. திரையில் குமாஸ்தா தவறினால் ஒரு கிளை கெடும். கட்டளையில் தவறினால் பன்னிரண்டும் ஒருசேரக் கெடும்.

இத்தவறு பெரும்பாலும் நேரும் இடம் ஒன்று உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். திருத்தம் அனுப்பும்போது எந்தப் பகுதியை மாற்றுகிறோம் என்பதைக் கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும். இதற்கு ‘அப்டேட் மாஸ்க்’ என்று பெயர். ‘வழக்கமான நேரம்’ என்று குறிப்பிட்டால் அப்பகுதி முழுவதும் நாம் அனுப்புவதைக் கொண்டு மாற்றி எழுதப்படும். ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மட்டும் மாற்ற நினைத்து ஞாயிறை மட்டும் எழுதி அனுப்பினால், மற்ற ஆறு நாட்களும் அழிந்துபோகும். பழைய ஆறு நாட்களோடு ஞாயிறையும் சேர்த்து ஏழையும் எழுதியே அனுப்பவேண்டும். ‘சிறப்பு நேரம்’ என்ற பகுதியும் இப்படித்தான். பொங்கல் விடுமுறையை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கும் சங்கம், பின்னர் தீபாவளியை மட்டும் எழுதி அனுப்பினால் பொங்கல் காணாமற்போகும். பொங்கலன்று பூட்டிய கதவுக்கு முன்னால் வாடிக்கையாளர் வந்து நிற்பார். விவசாயிகள் சங்கமாயின் நிலை இன்னும் மோசம். இரவெல்லாம் வண்டி வாடகை கொடுத்து மஞ்சள் மூட்டைகளோடு வந்தவர் கொள்முதல் நிலையம் மூடியிருப்பதைக் கண்டால், சங்கத்தைத் திட்டிவிட்டுத் தனியார் மண்டிக்குத்தான் போவார்.

இதைத் தடுக்கும் ஏற்பாடும் கருவியிலேயே இருக்கிறது. ‘வாலிடேட் ஒன்லி’ என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பினால், கூகுளின் கணினி கட்டளையைச் சோதித்துப் பிழையிருந்தால் சொல்லும், எதையும் மாற்றாது. ஆயினும் இச்சோதனை கட்டளையின் அமைப்பைத்தான் பார்க்கும். ஆறு நாட்கள் விடுபட்டது பிழையா, சங்கத்தின் விருப்பமா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே சோதனைக்குப் பின்னும் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் முதலில் அனுப்பி, கைப்பேசியில் கண்ணால் கண்டபின் மற்றவற்றுக்கு அனுப்புவதே நாம் சிபாரிசு செய்யும் முறை. புது அட்டையை ஏற்றியவுடன் ஒரு முழம் நெய்து பார்க்காத நெசவாளி உண்டோ?

இக்கருவியால் மாற்றுவது மட்டுமல்ல, கேட்கவும் கூடும். நாம் எழுதியது ஒன்றும் இப்போது பொதுமக்களுக்குத் தெரிவது ஒன்றுமாக இருந்தால், அவ்வேறுபாட்டைத் தனியே எடுத்துக் காட்டும் வினவல் ஒன்று உள்ளது. தினமும் காலையில் நிரல் பன்னிரண்டு கிளைகளையும் வினவி, மாற்றம் இருந்தால் காரியதரிசிக்கு ஒரு செய்தி அனுப்பும்படி செய்யலாம். நாம் மேலே சொன்ன சங்கத்தில் இது இருந்திருந்தால், மூடியதாகக் காட்டப்பட்ட செய்தி மறுநாள் காலையிலேயே மேஜைக்கு வந்திருக்கும். வேகமாகத் திருத்துவதைவிட இப்படிக் காவல் காப்பதையே கருவியின் முதற்பயனாக நாம் கருதுகிறோம்.

இப்பலகை மாட்டியிருப்பது பிறருடைய சுவரில் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். குறிப்போடு கூகுள் இலவசமாக அளித்துவந்த சிறு வலைத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அவற்றையே சங்கத்தின் ஒரே தளமாக அச்சடித்த அட்டைகள் எல்லாம் வீணாயின. எனவே கிளைகளின் மூலப் பட்டியல் எப்போதும் சங்கத்தின் சொந்தக் கணினியிலும், ஒரு பிரதி அச்சிலும் இருக்கவேண்டும்.

இனிச் சாவி யாரிடம் என்பது. குறிப்பின் முதன்மை உரிமையாளராகச் சங்கத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலே இருக்கவேண்டும். ஊழியர்களை ‘மேலாளர்’ என்ற நிலையில் சேர்த்தால் விவரங்களைத் திருத்தலாம். பிறரைச் சேர்க்கவோ நீக்கவோ அவர்களால் இயலாது. உரிமையை மாற்ற விரும்பும் சங்கங்கள் பருவத்துக்கு முன்னரே செய்வது நலம். ஏனெனில் புதிதாகச் சேர்க்கப்பட்டவருக்கு முதன்மை உரிமையைக் கொடுக்க 7 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த நெசவாளர் சங்கத்தில் பழைய ஊழியரைத் தேடிப் பிடித்தோம். அவர் குற்றவாளி அல்லர். அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. சங்கத்துக்கென ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, அவர் அதனை உரிமையாளராகச் சேர்த்தார். எட்டாம் நாள் முதன்மை உரிமையையும் மாற்றிக் கொடுத்தார். அடுத்த குழுக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின்படி, கட்டளை அனுப்புகிறவர் ஒருவர், கைப்பேசியில் பார்த்து ஒப்பமிடுகிறவர் மற்றொருவர். அனுப்பிய வரி, தேதி, கிளைக் குறியீடு மூன்றும் ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. சென்ற வாரம் அப்பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரு கிளையின் தொலைபேசி எண் யாராலோ மாற்றப்பட்டதும், அன்று காலை 10 மணிக்குள் திருத்தப்பட்டதும், இரண்டு ஒப்பங்களோடு எழுதப்பட்டிருந்தன.