பிளாஸ்டிக் மாதிரி மோட்டார் கார்களில் வர்ணப் பூச்சு: கோளாறுகளும் காரணங்களும்

பள்ளிப் பொருட்காட்சிக்காக ஒரு மாணவன் இரண்டு மாத காலம் பொறுமையுடன் ஒட்டிச் சேர்த்த சிறு மோட்டார் கார் மேசைமீது நிற்பதாகக் கொள்வோம். கடைசி வேலையாக அதன்மீது வர்ணம் தெளிக்கப்படுகிறது. கால் மணி நேரத்திற்குள் வழவழப்பாயிருந்த கூரையில் நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. கதவுகளின் கூரிய விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. மட்டமான வர்ணம் என்று கடைக்காரர்மீது பழி சுமத்துகிறோம். ஆனால் அதே வர்ணம் பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டியின்மீது கண்ணாடிபோல் பளபளக்கிறது. ஆகவே குற்றம் வர்ணத்தைச் சார்ந்ததன்று, பிளாஸ்டிக்கைச் சார்ந்ததுமன்று. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே உண்மை.

இப்பொருத்தத்தின் காரணத்தை அறிந்துகொண்டால் இத்தகைய கோளாறுகளுள் பெரும்பாலானவற்றை முன்னதாகவே தடுத்துவிடலாம். கைவேலை வகுப்பை நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்லதொரு ரசாயனப் பாடமாகவும் அமையும்.

பிளாஸ்டிக்கின் இயல்பு

மாதிரிக் கார்களின் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகின்றன. 1839-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எடுவார்ட் சிமோன் என்பவர் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினை வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். அந்த எண்ணெய் நாளடைவில் கெட்டிப்பட்டுக் கூழாயிற்று. இதுவே பாலிஸ்டைரீனின் தோற்றம். இத்தகைய பொருள்கள் மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனவை என்பதைப் பிற்காலத்தில் விளக்கிய ஹெர்மன் ஸ்டாடிங்கர், 1953-இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பாலிஸ்டைரீனின் சங்கிலிகள் குறுக்கே பிணைக்கப்பட்டவை அல்ல. ஆதலால், அவற்றோடு இனமொத்த ஒரு கரைப்பான் இடையே புகுந்தால் சங்கிலிகள் விலகி, பிளாஸ்டிக் இளகிவிடுகிறது. தண்ணீர், சோப்புநீர், ஆல்கஹால் ஆகியவை அதனைக் கரைப்பதில்லை. அசிட்டோன், டொலுயீன், எத்தில் அசிட்டேட் ஆகியவையோ அதனை எளிதில் கரைக்கின்றன. கடைகளில் லாக்கர் வர்ணத்திற்கென விற்கப்படும் தின்னரில் பெரும்பாலும் இத்தகைய கரைப்பான்களே அடங்கியுள்ளன.

லாக்கர் வர்ணம் உண்மையான மோட்டார் கார்களுக்கென எழுந்தது. 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டுப் பட்டறைகளில் இப்பெயர் இன்றும் வழங்கி வருகிறது. எஃகுத் தகட்டை அதன் கரைப்பான் ஒன்றும் செய்வதில்லை. பெரிய காருக்கு நன்மையான அதே வர்ணம் சிறிய காருக்குக் கேடாக முடிவதன் காரணம் இதுவே.

மூவகை வர்ணங்கள்

லாக்கர் வர்ணம் உலர்வது, கரைப்பான் ஆவியாகி வெளியேறுவதால் மட்டுமே. உலர்ந்த படலத்தின்மீது மீண்டும் தின்னர் பட்டால் அது திரும்பவும் கரையும். எனாமல் வர்ணமோ, கரைப்பான் வெளியேறியபின் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி மெல்ல மெல்ல இறுகுகிறது. இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். மூன்றாவது வகை, நீரில் கலந்த அக்ரிலிக் வர்ணம். நீர் ஆவியாகும்போது அதிலுள்ள நுண்துகள்கள் நெருங்கி ஒன்றுசேர்ந்து படலமாகின்றன.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. நன்கு உலர்ந்த லாக்கரின்மீது எனாமலைப் பூசலாம். எனாமலின்மீது லாக்கரைப் பூசலாகாது. வலுவான கரைப்பான் எப்பொழுதும் அடியிலும், மென்மையானது மேலும் இருக்கவேண்டும். பிளாஸ்டிக்கின்மீது நேராக லாக்கரைப் பூச நேர்ந்தால், முதலில் பொருத்தமான பிரைமரை இட்டு, பின்னர் பனிபோல மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்கவேண்டும். மெல்லிய பூச்சிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரிக்குமுன்பே ஆவியாகிவிடும்.

கோளாறுகளை இனங்காணுதல்

வெடிப்பும் மழுங்கலும்: கரைப்பான் பிளாஸ்டிக்கையே தாக்கியுள்ளது என்பதற்கு இது அடையாளம். கெட்ட பாகத்தை நன்றாக உலரவிட்டு, நீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமான வெடிப்பைச் சீர்செய்வது அரிது.

சுருக்கம்: பழத்தோல்போல மேற்பரப்பு சுருங்குமானால், முற்றிலும் இறுகாத எனாமலின்மீது வேறு பூச்சு இடப்பட்டிருக்கலாம். புதிய கரைப்பான் உள்ளே இறங்கி அடிப்படலத்தை உப்பச் செய்கிறது. எனாமலைத் தடிமனாகப் பூசினாலும் இவ்வாறே நேரும். மேல்தோல் முன்னதாக இறுகி, அடிப்பகுதி ஈரமாகவே நின்றுவிடுகிறது. அடுத்த பூச்சை எவ்வளவு நேரத்திற்குள், அல்லது எத்தனை நாட்களுக்குப் பின் இடலாம் என்பது பல டப்பாக்களில் அச்சிடப்பட்டிருக்கும். அக்குறிப்பைப் புறக்கணிக்கலாகாது.

வர்ணம் ஒட்டாமல் வட்டக் குழிகளாக விலகுதல்: வார்ப்பச்சிலிருந்து பாகத்தை எளிதில் பிரிப்பதற்கென இடப்படும் வழுக்குப்பொருள், விரல்களின் எண்ணெய்ப் பசை ஆகியவை இதன் காரணங்கள். நீர் வர்ணங்களில் இக்கோளாறு மிகுதி. தண்ணீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன்; பாலிஸ்டைரீனின் பரப்பு ஆற்றலோ அதில் சுமார் பாதியளவே. எனவே நீர் பரவாமல் துளியாகத் திரள்கிறது. வர்ணம் பூசுமுன் பாகங்களை வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி, அலசி, உலரவிட்டு, அதன்பின் விரல் படாமல் கையாளவேண்டும்.

வெண்புகை படிதல்: மழைக்காலத்தில் லாக்கர் தெளித்தால் பளபளப்பு மறைந்து மேற்பரப்பு பால்போல வெளுக்கும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மீது படிகிறது. காற்று வறண்டிருக்கும் நாளில் பூசுவதே இதற்கு உற்ற வழி.

நிறம் ஊறுதல்: சிவப்புப் பிளாஸ்டிக்கின்மீது இட்ட வெள்ளை வர்ணம் சில நாட்களில் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. பிளாஸ்டிக்கிலுள்ள சாயம் கரைப்பானில் கரைந்து மேலேறுவதே காரணம். இடையே ஒரு வெள்ளி வர்ணப் பூச்சையோ நீர் அக்ரிலிக் பூச்சையோ தடுப்பாக இடலாம்.

சக்கரம் இளகுதல்: இது வர்ணத்தால் விளைவதன்று, ஆயினும் பலர் வர்ணத்தின்மீதே ஐயுறுகின்றனர். மென்மையான வினைல் டயர்களில் கலந்துள்ள இளக்கும் எண்ணெய் நாளடைவில் வெளிப்பட்டு, அவற்றைத் தொட்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை இளகச் செய்கிறது.

சோதிக்கும் முறை

மாதிரிக் காரின் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தைப் பலர் எறிந்துவிடுகின்றனர். அதுவே மிகச் சிறந்த சோதனைப் பொருள். ஏனெனில் அது காரின் அதே பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் தின்னரை மட்டும் ஒரு துளி இடுக. இரண்டாவதில் வர்ணத்தை நேராகப் பூசுக. மூன்றாவதில் பிரைமர் இட்டு, உலர்ந்தபின் வர்ணம் பூசுக. ஒரு நாள் கழித்து நகத்தால் கீறிப் பார்க்க.

முதல் துண்டு பிசுபிசுத்தால் அந்தத் தின்னர் இப்பிளாஸ்டிக்கிற்கு ஆகாது. இரண்டாவது மட்டும் கெட்டு மூன்றாவது நன்றாயிருந்தால், பிரைமர் தேவை என்று பொருள். மூன்றும் நன்றாயிருந்தும் கார் கெட்டிருந்தால், அழுக்கு, ஈரம், தடிமன் ஆகியவற்றுள் காரணத்தைத் தேடவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பிரைமரையும் தின்னரையும் ஒருங்கே மாற்றினால், எது பலன் தந்தது என்பது விளங்காது. மாணவர்கள் தேதியுடன் குறிப்பெழுதி வைத்தல் நலம்.

எச்சரிக்கை

தின்னரின் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும். தீயும் எளிதில் பற்றும். சன்னல்கள் திறந்த இடத்தில், அடுப்பும் விளக்குச் சுடரும் இல்லாதபடி, ஆசிரியர் முன்னிலையிலேயே வேலை நடைபெறவேண்டும். சிறுவர்களுக்கு நீர் அக்ரிலிக் வர்ணமே ஏற்றது. வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்று 2016-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதற்கு முற்பட்ட பழைய டப்பாக்கள் பள்ளி அலமாரியில் இருக்குமாயின் அவற்றை மாணவர் கையில் கொடுத்தல் கூடாது. அவ்வர்ணம் பூசிய பொருள்களை உலர்நிலையில் தேய்த்தலும் கூடாது. விரைவில் உலரவேண்டுமென்று காரை அனலில் வைத்தலும் தவறு. கொதிநீரின் வெப்பத்தை எட்டுமுன்பே பாலிஸ்டைரீன் வளையத் தொடங்கிவிடும்.

கெட்டுப்போன ஒரு காரைக் கண்டு மாணவன் மனம் சோர்வது இயல்பு. அப்பொழுது ஆசிரியர் புதிய டப்பாவை வாங்கித் தருவதைவிட, மூன்று பிளாஸ்டிக் துண்டுகளை அவன் முன் வைத்து, ஏன் இவ்வாறாயிற்று என்று வினவுவது மேலான உதவியாகும். காரணத்தைத் தன் கையாலேயே கண்டறிந்தவன் அடுத்த காரைக் கெடுக்கமாட்டான்.